எட்டு ரூமில் ஒன்று

புதுவாயல்
8.6.2025

அன்புள்ள சாராளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னித்துக்கொள். ஒரு வரி கோட்டுக்கு மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. அடித்திருப்பதெல்லாம் பிழை. இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ஆனால் யாரும் எழுதித் தரவில்லை. உன் புருஷன் தானியேல் தன் கையால் எழுதியது.

நீ சுகமா? முட்டி வலி எப்படி? சின்னவன் ராபின், மருமகள் ஏஞ்சல், குழந்தை எல்லாரும் சுகமா? கர்த்தர் கிருபையில் நான் சுகம்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். பூமிகா என்ற பெண் வந்து நடத்துகிறாள். முதலில் நான் போனது அங்கே ஃபேன் இருக்கிறது என்பதற்காகத்தான். பிறகு 'த' எழுத வந்தது. அப்புறம் என் பெயர் முழுவதும் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரு வசனம் வாசித்தேன். சாலமோன் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் இருக்கும் இடம் வசதிதான். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே. நல்ல குளிர்ச்சி.

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாதத்துக்கு என்று உன்னை அனுப்பினோம். வருஷம் ஒன்றாகிவிட்டது. மூத்தவன் எபினேசர் நம் பழைய வீட்டை இடித்துக் கட்டும் வேலையும் முடிந்துவிட்டது. எப்போது வருகிறாய் என்று எழுது.

உன் பக்கத்து வீட்டு மணியம்மாள் பேரில் இதை அனுப்புகிறேன். நீ எழுதினால் பூமிகா பேரில் பள்ளிக்கூடத்துக்கு எழுது.

இப்படிக்கு,
தானியேல்


பொதட்டூர்பேட்டை
20.6.2025

எபினேசர் அப்பாவுக்கு, சாராள் தோத்திரம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. மணியம்மாள் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

"யக்கா, உனக்கு லெட்டர் வந்துகீது. கவர்மென்ட்டா?"

"என் ஊட்டுக்காரர்."

"அவருக்கு எழுதத் தெரியாதுன்னு சொல்லிக்கினு இருப்பியே."

"இப்ப தெரியும்" என்றேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, கல்யாணப் பெண் மாதிரி.

ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தேன். போனில் பேசினால் இங்கே ஏஞ்சல் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கொடுக்கிறாள். அங்கே உங்களுக்கு எபினேசரும் அப்படித்தான். 'சாப்டியா', 'சாப்டேன்' என்பதைத் தாண்டி ஒரு வருஷமாக நாம் ஒன்றும் பேசவில்லை. இனி எழுதுவோம்.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. குழந்தை பிடித்துக்கொண்டு நடக்கிறது. எப்போது என்னைக் கொண்டுபோய் விடுவாய் என்று ராபினைக் கேட்டேன். பார்க்கலாம் என்றான்.

வீடு கட்டக் கோடு போட்டபோது நானும் அங்கேதான் இருந்தேன். தொட்டிக்குக் கீழே வருவது மோட்டார் ரூம். அதில் கட்டில் போட இடம் இல்லை. எப்படிப் படுக்கிறீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் சாராள்


புதுவாயல்
6.7.2025

அன்புள்ள சாராளுக்கு,

நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நான் சுகம். இந்த முறை இரண்டே நாளில் எழுதிவிட்டேன்.

மோட்டார் ரூம்தான். குறுக்காகப் பாய் போட்டுக் கால் மடக்கிப் படுக்கிறேன். விடியற்காலையில் மோட்டார் ஓடும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கீழே எட்டு ரூம் கட்டியிருக்கிறான். எல்லாவற்றிலும் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்கள், பீகார்காரர்கள். மாடியில் எபினேசர், பிரின்சி, பிள்ளைகள். நமக்கு ஒரு ரூம் விடச் சொல்லிக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நைனா, உங்களுக்கு ஒரு ரூம உட்டா பேங்க் லோன யாரு கட்றது? அம்மா அங்க ராபின் ஊட்ல நல்லாத்தான கீது? ஆளுக்கு ஒருத்தர்னு நானும் அவனும் பேசிக்கினோம். இப்ப வந்து பேஜாரு பண்ணாத."

ஆளுக்கு ஒருத்தர். ரெண்டு எருமையைப் பிரித்துக்கொள்வது மாதிரி பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் சாராள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூமிகாவிடம் சொன்னேன். வயதான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்ளாத பிள்ளைகள் மேல் மனு கொடுக்க ஒரு சட்டம் இருக்கிறதாம். பொன்னேரியில் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டுமாம். வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்று நம்பி எழுதிக்கொடுத்த சொத்தைத் திருப்பியும் கேட்கலாமாம். பூமிகா எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டை எழுதிக்கொடுத்தது நான்தானே. ரிஜிஸ்டர் ஆபீஸில் என் கட்டைவிரலை மையில் அழுத்தியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்படிக்கு,
தானியேல்


பொதட்டூர்பேட்டை
29.7.2025

எபினேசர் அப்பாவுக்கு,

தோத்திரம். சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கிறேன்.

மனு வேண்டாம். பெற்ற பிள்ளையை ஆபீஸில் நிற்க வைத்தால் கம்பெனியில் அவனை என்ன சொல்வார்கள்? அவன் பிள்ளைகள் பெரிதானால் நம்மை என்ன சொல்வார்கள்? இன்னும் கொஞ்ச நாள் பொறுப்போம். மனு கொடுத்தாலும் அது நிற்காது.

அதிகம் எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

சாராள்


புதுவாயல்
24.8.2025

அன்புள்ள சாராளுக்கு,

நீ சுகமா? முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சொல். எனக்கு இன்றைக்கு உடம்பில் வலியே தெரியவில்லை.

உன் பேச்சைக் கேட்காமல் மனு கொடுத்துவிட்டேன். கோபப்படாதே. நாலு பக்கம். கவரைப்பேட்டையில் ரயில் ஏறிப் பொன்னேரி போய்க் கொடுத்தேன். வாங்கினவர், "யாரு பெரியவரே எழுதுனது?" என்றார். "நான்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. அவர் எதிரிலேயே ஒரு வரி எழுதிக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நேரமாகிறது என்று கத்தினார்கள். செப்டம்பரில் விசாரணை.

இன்னொன்று. நோட்டீஸ் வந்ததும் எபினேசர் சண்டைக்கு வருவான் என்று இருந்தேன். வரவில்லை. நேற்று பிரியாணி வாங்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்கே வந்தான். என் பாயில் என்னோடு உட்கார்ந்தான்.

"நைனா, நீ கையெழுத்து போடறியாமே. ஊரே பேசிக்குது. பெத்த புள்ள நான் இன்னும் பாக்கல. எங்க, எனக்கு ஒண்ணு போட்டுக் காமி" என்றான்.

பையிலிருந்து காகிதம் எடுத்துக் கொடுத்தான். போட்டேன். "சூப்பரா கீது நைனா. இன்னொண்ணு" என்றான். அதையும் போட்டேன். இத்தனை வருஷத்தில் எந்த ஆபீஸிலும் என் விரலைப் பிடித்து இழுத்து மையில் வைத்துத்தான் பழக்கம். என் பிள்ளை என் கையெழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான் சாராள். அவனுக்கு மனசு மாறிவிட்டது. நமக்கு விசாரணையே தேவைப்படாது பார்.

சந்தோஷத்துடன்,
தானியேல்


பொதட்டூர்பேட்டை
28.9.2025

எபினேசர் அப்பாவுக்கு, தோத்திரம்.

சுகமாக இருக்கிறீர்களா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் மணியம்மாள் அவரைப் பிடித்துக் கேட்கிறாள். "என்னம்மா, பரிசுச் சீட்டு எதுனா போட்டுக்கினியா?" என்று அவர் கிண்டல் செய்கிறார்.

விசாரணை என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. நேற்று ராபின் போனில் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தது சமையல்கட்டு வரை கேட்டது. "நைனாவே வாபஸ் வாங்கிட்டாரா? செம ஆளுண்ணா நீ" என்று சிரித்தான்.

மனு வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். ஆனாலும் அதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நாலு பக்கத்தை எத்தனை ராத்திரி எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிரியாணியன்று போட்ட கையெழுத்தா அது?

சாராள்


புதுவாயல்
5.10.2025

அன்புள்ள சாராளுக்கு,

நீ சுகமா?

அந்தக் கையெழுத்துதான். ஆபீஸில் குமாஸ்தா காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'என் மகன் என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறான். மனுவைத் திரும்பப் பெறுகிறேன்' என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே நான் அழகாகப் போட்ட பெயர். வாசிக்கத் தெரிந்துதான் இருந்தது சாராள். எழுதும் சந்தோஷத்தில் வாசிக்கத் தோன்றவில்லை. கைநாட்டாக இருந்த காலத்தில் இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உன்னைக் கேட்டுவிட்டுத்தான் விரலை நீட்டுவேன்.

உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதனால் எழுதவில்லை.

பூமிகா என்னை விடவில்லை. மறுபடி அழைத்துப்போனாள். குமாஸ்தா பத்திர நகலை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெரியவரே, சோத்துக்கு வழி கேக்கணும்னா நீங்க கேக்கலாம். ஊட்டத் திருப்பிக் கேக்கணும்னா குடுத்தவங்கதான் கேக்கணும். இந்த மனை உங்க பேர்லயே இல்லியே. பட்டா சாராள் பேர்ல. பத்திரம் எழுதிக் குடுத்ததும் அவங்க. நீங்க வெறும் சாட்சி."

சாட்சி. என் கட்டைவிரல் சாட்சிக்கு வைத்ததாம். சர்க்கார் நம் தெருவுக்கு இலவச மனை கொடுத்தபோது பெண்கள் பேரில் கொடுத்தார்களாம். தானியேல் வீடு, தானியேல் வீடு என்று ஊர் சொன்னதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கேட்க வேண்டியவள் நீ. நீ கேட்டால் நாம் ஒரே வீட்டில் இருக்கலாம். எழுது.

தானியேல்


புதுவாயல்
2.11.2025

அன்புள்ள சாராளுக்கு,

நீ சுகமா? பதில் வரவில்லை. மழை விடாமல் பெய்கிறது. மோட்டார் ரூமில் தண்ணீர் வந்துவிட்டதால் மூன்று நாளாக மாடிப்படியில் உட்கார்ந்தே தூங்குகிறேன். நான்காம் ரூம் ஒடிசாக்காரப் பையன்கள் உள்ளே வந்து படுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிரின்சி பார்த்தால் அவர்களைக் காலி செய்துவிடுவாள் என்று நான் போகவில்லை.

உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளையா புருஷனா என்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. அப்படிக் கேட்க எனக்கு இஷ்டம் இல்லை. ஆனால் நம் இரண்டு பேருக்கும் இன்னும் எத்தனை மழைக்காலம் இருக்கிறது என்று படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். இந்தத் தாள் நனைந்திருப்பது மழையில்தான்.

தானியேல்


பொதட்டூர்பேட்டை
16.11.2025

எபினேசர் அப்பாவுக்கு,

தோத்திரம். படிக்கட்டில் தூங்குகிறேன் என்று வாசித்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

மனை என் பேரில் இருப்பது எனக்குத் தெரியும். பட்டாவை வாங்கிய அன்றே வாசித்தேன். நீங்கள் மண் குழைத்துக் கட்டின வீட்டை என் வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் கேட்டபோதும், வீடு எபினேசருக்கு என்று மட்டும்தான் சொன்னேன். நீங்கள் மனு கொடுப்பதாக எழுதியபோது அது நிற்காது என்று எழுதினேனே, இதை வைத்துத்தான். நிற்காமல் போனால் பிள்ளை தப்பித்துக்கொள்வான் என்று இருந்தேன்.

பத்திரம் எழுதிய அன்று, நாங்கள் இருவரும் கடைசிவரை இதிலேயே இருப்போம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு எபினேசரைப் பார்த்தார். "இன்னாம்மா, எம்மேல நம்பிக்க இல்லியா?" என்றான் அவன். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு வரி இல்லாமல்தான் நீங்கள் படிக்கட்டில் இருக்கிறீர்கள்.

மனு எழுதி மணியம்மாள் மூலம் பதிவுத் தபாலில் பொன்னேரிக்கு அனுப்பிவிட்டேன். ராபினுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் சத்தம் போடுவான். போடட்டும்.

காய்ந்த துணியாகப் பார்த்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

சாராள்


புதுவாயல்
19.12.2025

அன்புள்ள சாராளுக்கு,

வீடு போய்ச் சேர்ந்தாயா? பொன்னேரியில் விசாரணை முடிந்ததும் பேச விடாமல் ராபின் உன்னை வேனில் ஏற்றிவிட்டான். அதனால் எழுதுகிறேன்.

நீ கம்பு ஊன்றி வந்தாய். வாசலிலிருந்து நாற்காலி வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாய். எந்தக் கடிதத்திலும் கம்பைப் பற்றி நீ எழுதவில்லை. எப்போது விழுந்தாய்?

கோட்டாட்சியர் மேடம் பத்திரத்தை வாசித்துவிட்டு, "இதுல உங்களப் பாத்துக்கணும்னு ஒரு வார்த்தையும் இல்லியேம்மா" என்று சொன்னார். எபினேசர் உடனே முன்னால் வந்தான். "அம்மாவ நான் பட்டினியா போட்டேன்? கேளுங்க மேடம், அதுவே சொல்லட்டும்" என்றான்.

நீ அவனைப் பார்க்காமல் மேடத்தைப் பார்த்துச் சொன்னாய்.

"போடல மேடம். சோறு ரெண்டு ஊட்லயும் கீது. எங்க ரெண்டு பேரையும் ஒரே ஊட்ல வெக்கத்தான் எடம் இல்லயாம். எட்டு ரூம்ல."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். எபினேசர் தரையைப் பார்த்தான். நாற்பது வருஷமாக எனக்கு வாசித்துக் காட்டிய குரல் அது. அந்தக் குரலில் அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் நீ பேசி நான் கேட்டதில்லை.

உத்தரவு தபாலில் வருமாம். கிறிஸ்துமஸுக்கு உனக்குப் புடவை எடுத்து அனுப்ப வழியில்லை. இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்.

தானியேல்


பொதட்டூர்பேட்டை
1.2.2026

எபினேசர் அப்பாவுக்கு,

தோத்திரம். கேட்டீர்கள் அல்லவா, ஜூலையில் குளியலறையில் விழுந்தேன். இடுப்பில் பட்டது. ஏஞ்சல்தான் ஓடிவந்து தூக்கிவிட்டாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அதைக் கேட்டால் நீங்கள் வழி தெரியாமல் பஸ் ஏறிவிடுவீர்கள் என்று எழுதவில்லை.

உத்தரவு இங்கேயும் வந்தது. பத்திரத்தை ரத்து செய்வது பற்றிப் பிறகு விசாரிப்பார்களாம். அதுவரை அந்த வீட்டில் ஒரு ரூமை நமக்கு ஒதுக்கி இருவரையும் வைத்துக்கொள்ள வேண்டும், செய்யாவிட்டால் போலீஸில் சொல்லலாம் என்று இருக்கிறது. நான்காம் ரூம் காலியாகியும் எபினேசர் புதுப் பூட்டுப் போட்டுவிட்டான் என்று பொங்கலுக்கு எழுதியிருந்தீர்கள். நான் சொல்லும்வரை போலீஸுக்குப் போகமாட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள்.

சொல்கிறேன். புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஸ்டேஷனில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் எபினேசருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அவன் கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் வாசியுங்கள்.

சாராள்


புதுவாயல்
15.2.2026

அன்புள்ள சாராளுக்கு,

நீ சுகமா? இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் சுகம். இது மறைத்து எழுதுவது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து எபினேசர் பைக்கை நிறுத்தினான். அம்மா எழுதியது, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறேன், முதலில் உனக்கு வாசிக்கச் சொன்னாள் என்றேன்.

"குடு, நானே படிச்சுக்கறேன்" என்று கை நீட்டினான்.

கொடுக்கவில்லை. வாசித்தேன். என் வாசிப்புதான் உனக்குத் தெரியுமே. எழுத்து எழுத்தாகக் கூட்டி, ஒரு சொல் முடிந்து அடுத்த சொல்லுக்குப் போக எவ்வளவு நேரம். அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிரின்சி மாடியிலிருந்து கூப்பிட்டாள். போகவில்லை.

'ஐயா, என் பெயர் சாராள். என் மகன் எபினேசர் நல்லவன். என் மனையை நான்தான் அவனுக்கு எழுதிக்கொடுத்தேன். அதில் ஒரு ரூமின் பூட்டை அவன் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி உத்தரவு இருக்கிறது. அவனை' என்பது வரை வந்துவிட்டேன். அடுத்த சொல் எனக்கு வரவில்லை. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். அவன் என் தோள் பக்கம் குனிந்து, அந்தச் சொல்லை அவனே வாசித்தான்.

"அடிக்காமல்."

மிச்சத்தை நான் வாசித்தேன். 'திறக்கச் சொல்லுங்கள்.'

அவன் ஹெல்மெட்டோடு மேலே போனான். கொஞ்ச நேரம் கழித்து இறங்கிவந்து சாவியை மோட்டார் சுவிட்ச் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. பிரின்சி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ரத்து விசாரணைக்கு அவன் வக்கீல் வைத்திருப்பதாகக் கேள்வி. இது எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரியாது. ஆனால் சாவி என் இடுப்பில் இருக்கிறது.

ரூமைக் கழுவிவிட்டேன். பக்கத்து ரூமுக்கு மாறிவிட்ட அந்த ஒடிசாக்காரப் பையன்கள் பழைய கட்டில் ஒன்றைத் தூக்கிவந்து போட்டார்கள், நீ கீழே உட்கார்ந்து எழ வேண்டாம். கதவில் சாக்பீஸால் 'சாராள்' என்று எழுதினேன். அதில் ஒரு பையன், "தாத்தா, ஏ க்யா லிக்கா?" என்று கேட்டான். என்ன எழுதியிருக்கிறாய் என்று அர்த்தமாம். வாசித்துக் காட்டினேன். அவனும் சொல்லிப் பார்த்தான்.

ராபின் உன்னைக் கொண்டுவந்து விடுகிறானா என்று கேள். விடமாட்டேன் என்றால் சண்டை போடாதே. நானே வருகிறேன். முன்பெல்லாம் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் யாரையாவது கேட்டுக்கேட்டு, தப்பு வண்டியில் ஏறி ஆந்திரா பக்கம் போய்விடுவேன் என்று என்னைத் தனியாக அனுப்பமாட்டாய். இப்போது போர்டை வாசிக்கிறேன். புதுவாயல் கூட்ரோட்டில் நின்று போகிற வண்டியையெல்லாம் வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். நின்று மெதுவாகக் கிளம்புகிற வண்டியை முழுதாக வாசித்துவிடுகிறேன். வேகமாகப் போவதில் பாதிதான் முடிகிறது. பொதட்டூர்பேட்டை நீளமான பெயர். அதனால் அதைத்தான் தினமும் எழுதிப் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். அதற்குள் நீ வந்துவிட்டாலும் எழுதுவேன். கட்டிலில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டு.

தானியேல்